பீக்கரில் விட்ட மின்முனைக்கும் மாத்திரை வேலை செய்வதற்கும் என்ன சம்பந்தம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மருந்து வேதியியலில் ஆராய்ச்சி செய்கிற ஒருவர் பத்துப் பன்னிரண்டு நைட்ரோ சேர்மங்களைத் தயாரித்து வைத்திருக்கிறார். அவற்றுக்கெல்லாம் சைக்ளிக் வோல்டாமெட்ரி (கரைசலில் மின்முனையை விட்டு, மின்னழுத்தத்தை ஒரு பக்கம் ஓட்டித் திரும்பவும் கொண்டுவந்து, ஓடும் மின்னோட்டத்தை வரைபடமாக்குவது) எடுத்துக்கொண்டு வா என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். "எந்தச் சேர்மம் பாக்டீரியாவைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்ற முடிவு கையிலேயே இருக்கிறது, அப்புறம் எதற்கு வாத்து மாதிரி இருக்கும் இந்த வரைபடம்? உப்புக் கரைசலில் நடப்பதற்கும் உயிருள்ள செல்லுக்குள் நடப்பதற்கும் என்ன ஒட்டு உறவு?" என்கிறார்.

எல்லா மருந்துக்கும் உறவு கிடையாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பென்சிலினோ ரத்த அழுத்த மாத்திரை அட்டெனலாலோ வேலை செய்ய எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் எதுவும் தேவையில்லை, போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் போதும், பாடப்புத்தகத்தில் வரும் அதே பூட்டு சாவி கதைதான். ஆனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது: நைட்ரோ தொகுதி உள்ளவை, குயினோன்கள், பெராக்சைடுகள், சில பீனால்கள். இவை வாயில் போடும்போது அரைகுறை மருந்துதான். உள்ளே போய் யாரிடமாவது ஒரு எலக்ட்ரானை வாங்கியோ, யாருக்காவது ஒன்றை விட்டுக்கொடுத்தோ உருமாறிய பிறகுதான் மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகின்றன. இந்தக் கூட்டத்துக்கு 'எலக்ட்ரானை எவ்வளவு சுலபமாக வாங்கும்?' என்பதே உயிர்நாடியான கேள்வி. மின்முனை அளப்பது அதைத்தான், வேறெதையும் அல்ல.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாத்திரையை வைத்தே சொல்கிறேன்: மெட்ரோனிடசோல். ஃபிளாஜில், மெட்ரோஜில் என்று எழுதிக் கொடுப்பார்களே, வயிற்றுப்போக்குக்கு, பல் ஈறு வீக்கத்துக்கு. போட்டால் இரண்டு நாளைக்கு நாக்கில் இரும்பை நக்கின மாதிரி ஒரு சுவை இருக்கும், அதேதான். பிரான்சில் ரோன் பூலாங் நிறுவனத்தில் உருவானது, 1950களின் கடைசியில். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காகத்தான் முதலில் கொடுத்தார்கள். 1962ல் லான்செட் இதழில் ஷின் என்ற பல் மருத்துவர் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்: டிரைக்கோமோனாஸ் தொற்றுக்கு இந்த மருந்தை எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, யாரும் எதிர்பார்க்காமல் ஈறு நோயும் சேர்ந்தே குணமாகிவிட்டது. ஒட்டுண்ணி ஒரு வகை உயிர், ஈறில் இருந்தது பாக்டீரியா. இரண்டுக்கும் இனத்தால் எந்தச் சொந்தமும் இல்லை. இரண்டுக்கும் இருந்த ஒரே ஒற்றுமை, இரண்டுமே ஆக்சிஜன் இல்லாத, அல்லது மிகக் குறைந்த இடத்தில் பிழைப்பவை என்பதுதான். பின்னால் அமீபா, ஜியார்டியா, கிளாஸ்டிரிடியம் என்று பட்டியல் நீண்டபோதும் அந்த ஒற்றுமை மாறவே இல்லை.

ஏன் காற்றில்லா உயிர்களை மட்டும்? இங்கேதான் மின்வேதியியல் வருகிறது.

மெட்ரோனிடசோல் மூலக்கூறில் ஒரு நைட்ரோ தொகுதி இருக்கிறது. அதற்கு ஒரு எலக்ட்ரான் கிடைத்தால் நைட்ரோ ரேடிக்கல் ஆகும், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு துறுதுறுவென்று நிற்கும் மூலக்கூறு. மொத்தம் நான்கு கிடைத்தால் ஹைட்ராக்சில் அமின், ஆறு கிடைத்தால் அமின். கடைசியில் வரும் அமின் சாது. நடுவழியில் வருகிறவைதான் டி.என்.ஏ. இழையை அறுத்துவிடுகிற ஆட்கள். ஆக, மருந்து கொல்ல வேண்டுமானால் முதல் எலக்ட்ரானை யாராவது கொடுத்தாக வேண்டும். அந்த முதல் எலக்ட்ரானுக்கான ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை வாங்குவதுதான் ஒடுக்கம்), பி.எச். 7ல், மைனஸ் 486 மில்லிவோல்ட். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி எலக்ட்ரான் நேர்மறைப் பக்கம் பார்த்து ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மைனஸ் 486 என்பது நல்ல மேட்டு நிலம். அங்கே எலக்ட்ரானை ஏற்றிவிட, கொடுக்கிறவர் அதைவிட உயரத்திலோ, போகட்டும், கிட்டத்தட்ட அந்த உயரத்திலோ நிற்க வேண்டும்.

நம் செல்லில் அப்படி யார் இருக்கிறார்கள்? சர்க்கரையை உடைத்து வரும் எலக்ட்ரான்களை நாம் பெரும்பாலும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறில் ஏற்றி வைக்கிறோம், அதன் நிலை மைனஸ் 320. அங்கிருந்து மைனஸ் 486க்கு ஏற்ற 166 மில்லிவோல்ட் மேடு ஏற வேண்டும். உடல் வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்பது கணக்கு, அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 500 மடங்கு பாதகம். (என்.ஏ.டி.எச். இரண்டு எலக்ட்ரானைச் சேர்த்தே கொடுக்கும், அதனால் இது மோட்டாவான ஒப்பீடுதான். துல்லியம் வேண்டாம், அளவு புரிந்தால் போதும்.) காற்றில்லா உயிர்கள் பைருவேட்டை உடைக்கும் விதமே வேறு. பைருவேட் ஃபெரிடாக்சின் ஆக்சிடோரிடக்டேஸ் என்று வாய் வலிக்கிற பெயருள்ள ஒரு நொதி, பைருவேட்டிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஃபெரிடாக்சின் என்ற சின்ன இரும்பு–கந்தகப் புரதத்திடம் கொடுக்கும். அந்த ஃபெரிடாக்சின் நிற்கும் இடம் மைனஸ் 400ஐயும் தாண்டிய மேட்டில். அதற்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும் பைருவேட்டோ மைனஸ் 500 பக்கம். ஹைட்ரஜன் வாயுவையே வெளியே விடுகிற அளவுக்கு அங்கே எலக்ட்ரான் அழுத்தம். அந்த இடத்தில் மெட்ரோனிடசோல் போய் நின்றால், ஹைட்ரஜனுக்குப் போக வேண்டிய எலக்ட்ரானைத் தானே வாங்கிக்கொள்கிறது. வாங்கியது உடனே அடுத்த வினையில் செலவாகிவிடுவதால், கொஞ்சநஞ்ச மேடு இருந்தாலும் வினை முன்னோக்கியே இழுபடும். உள்ளே இருக்கும் மருந்து இப்படித் தீரத் தீர, வெளியிலிருந்து இன்னும் மருந்து பரவி உள்ளே வரும். கிருமி தன் கையாலேயே தனக்கு நஞ்சைக் காய்ச்சிக்கொள்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, நம் செல்லில் தப்பித் தவறி ஏதோ ஒரு நொதி ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டது என்றே வைப்போம், நடக்கத்தான் செய்கிறது. பக்கத்திலேயே ஆக்சிஜன் நிற்கிறது. ஆக்சிஜன் ஒரு எலக்ட்ரானை வாங்கி சூப்பராக்சைடாகும் மின்னழுத்தம், ஒரு மோலார் செறிவை அடிப்படையாக வைத்தால், மைனஸ் 155. மைனஸ் 486ல் இருக்கும் ரேடிக்கலுக்கு அது நல்ல பள்ளம். எலக்ட்ரானை அங்கே இறக்கிவிட்டு ரேடிக்கல் பழையபடி மெட்ரோனிடசோலாகிவிடும். கொடுத்ததை ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ள, மருந்து வந்த மாதிரியே நிற்கும். வெளிவந்த சூப்பராக்சைடைச் சமாளிக்க நம்மிடம் நொதிகள் இருக்கின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதுதான் எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம். டைமெத்தில் ஃபார்மமைடு மாதிரி நீரில்லாக் கரைப்பானில் மெட்ரோனிடசோலைக் கரைத்து, நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டிவிட்டு ஓட்டுங்கள். போகும்போது கீழே ஒரு முகடு, திரும்பி வரும்போது மேலே ஒரு முகடு வரும். போகும் முகடு ரேடிக்கல் உருவாவது, திரும்பும் முகடு அதே ரேடிக்கல் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுப்பது. திரும்பும் முகடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ரேடிக்கல் அந்த நேரம்வரை உயிரோடு இருந்தது என்று அர்த்தம். இப்போது துளித் துளியாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள், திரும்பும் முகடு சூம்பிக்கொண்டே வரும். டி.என்.ஏ. போன்ற, ரேடிக்கலோடு வினைபுரியக்கூடிய எதையாவது சேர்த்தும் இரண்டு முகடுகளின் விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். பிரிட்டனில் டேவிட் எட்வர்ட்ஸ், டோச்சர் ஆகியோர் நைட்ரோ மருந்துகளின் ரேடிக்கல் எவ்வளவு நேரம் தாங்கும், யாரைப் போய்த் தாக்கும் என்று அலசியது இந்த வழியில்தான். முழுக்கத் தண்ணீரிலேயே ஓட்டினால் இந்தக் கதையெல்லாம் தெரியாது. நான்கு எலக்ட்ரான்களும் ஒரே மூச்சில் ஏறி ஒரே ஒரு பெரிய முகடு வரும், திரும்பும் வழியில் அதற்கு இணை இருக்காது.

அப்படியானால் தண்ணீரில் மைனஸ் 486 என்ற எண் எங்கிருந்து வந்தது? கேட்டீர்களானால் நல்ல கேள்வி. அது சைக்ளிக் வோல்டாமெட்ரி தந்த எண் அல்ல. தண்ணீரில் அந்த ரேடிக்கல் நிற்காது என்பதால், மின்னழுத்தம் ஏற்கெனவே தெரிந்த இன்னொரு சேர்மத்தோடு சேர்த்துக் கரைத்து, எலக்ட்ரான் கற்றையை ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரம் பாய்ச்சி, ரேடிக்கல் சாவதற்குள் எலக்ட்ரான் இரண்டுக்கும் இடையே எப்படிப் பங்காகிறது என்று ஒளி உறிஞ்சலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். பல்ஸ் ரேடியாலிசிஸ் என்று பெயர். பீட்டர் வார்ட்மன் 1989ல் இப்படிப்பட்ட எண்களையெல்லாம் பெரிய தொகுப்பாகவே போட்டுவைத்தார். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நீங்கள் உங்கள் மின்முனையில் எடுத்த முகட்டு எண்ணையும் அந்தத் தொகுப்பிலுள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எண்ணைக் கண்டு மயங்கிவிடுவோம். அதே தொகுப்பில் நைட்ரோபென்சீனின் எண்ணைத் தேடிப் பாருங்கள். மைனஸ் 486. அச்சு அசலாக அதே எண்! நைட்ரோபென்சீன் யாருக்கும் மருந்து இல்லை. கசப்பு வாதுமை மணத்தோடு இருக்கும் எண்ணெய் மாதிரி நஞ்சு, ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும், ஒரு காலத்தில் சோப்புக்கு வாசனைக்காகச் சேர்த்தார்கள் என்று படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். எலக்ட்ரான் வாங்கும் ஆசை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் தண்ணீரில் கரைவது, உடலில் எங்கெங்கே பரவுகிறது, கல்லீரல் அதை என்ன செய்கிறது, எலக்ட்ரான் வாங்கிய பிறகு வளையம் எப்படி உடைகிறது, எல்லாமே வேறு. மின்னழுத்தம் சொல்வது தகுதியை மட்டும்தான், வேலை கிடைக்குமா என்பதை அல்ல. பீட்டர் கோவாசிக் என்ற அமெரிக்க வேதியியலாளர் மைனஸ் 0.5 வோல்ட் பக்கம் ஒரு கோடு போட்டு, அதற்கு நேர்மறைப் பக்கம் இருப்பவை உடலுக்குள் எலக்ட்ரான் மாற்றம் செய்யக்கூடும் என்று வைத்துக்கொண்டு, ஏகப்பட்ட மருந்துகளை, நஞ்சுகளை அந்தக் கோட்பாட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார். முதல் சல்லடையாக அது பயன்படும். எல்லாவற்றுக்கும் அதையே விளக்கமாக வைப்பது அதிகப்படி என்பது என் எண்ணம்.

கொடுக்கிற கை இருந்தால்தான் வாங்குகிற ஆசைக்கு மதிப்பு. ஹெலிகோபாக்டர் பைலோரியை எடுத்துக்கொள்ளுங்கள், இரைப்பைப் புண் கிருமி. அதில் மெட்ரோனிடசோலுக்கு எலக்ட்ரான் கொடுப்பது பெரும்பாலும் ஆர்.டி.எக்ஸ்.ஏ. என்ற ஒரு நொதி. அதன் மரபணுவில் எழுத்துப் பிழை விழுந்து நொதி கெட்டால் கிருமி மருந்துக்கு மசியாது. மருந்தின் மின்னழுத்தம் அன்றும் இன்றும் அதேதான், கை போய்விட்டது. இதற்கு எதிர்ப்பக்கம் காசநோய் மருந்து பிரெட்டோமனிட். ஒரு எலக்ட்ரான் கணக்கில் அது மெட்ரோனிடசோலைவிட ஒடுக்கக் கடினமானது, எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் காசநோய்க் கிருமியிடம் எஃப் 420 என்ற துணைக்காரணியோடு வேலை செய்கிற தனி நொதி ஒன்று இருக்கிறது. அது ஒற்றை எலக்ட்ரானாகக் கொடுக்காமல் ஹைட்ரைடாகவே (இரண்டு எலக்ட்ரானோடு வரும் ஹைட்ரஜன்) வளையத்தில் சேர்த்து, நைட்ரிக் ஆக்சைடு வெளிவருமாறு செய்துவிடுகிறது. 2019ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

ஆக்சிஜனேற்றப் பக்கமும் ஒன்று காட்டுகிறேன், இது வீட்டில் இருக்கும் மாத்திரை: பாரசிட்டமால். ஒரு மாத்திரையைப் பொடித்து, பி.எச். 7 பஃபரில் கரைத்து வடிகட்டி, கிளாஸி கார்பன் மின்முனையை அலுமினாப் பொடிக் குழம்பில் எட்டு போடுகிற மாதிரி தேய்த்துக் கழுவி உள்ளே விட்டு, இந்த முறை நேர்மறைப் பக்கம் ஓட்டுங்கள். 0.4 வோல்ட் தாண்டும் சுற்றுவட்டாரத்தில் ஒரு முகடு. இரண்டு எலக்ட்ரான், இரண்டு புரோட்டான் போய் பாரசிட்டமால் குயினோன் இமினாக மாறுகிறது. நாப்குவி என்பார்கள். அளவுக்கு மீறி விழுங்கினவரின் கல்லீரலில் சைட்டோகுரோம் பி 450 நொதிகள் உண்டாக்குகிற அதே நஞ்சு, இங்கே கார்பன் மேல் உண்டாகிறது. திரும்பி வரும்போது அது பழையபடி பாரசிட்டமாலாகும் சின்ன முகடும் தெரியும். இப்போது கரைசலில் கொஞ்சம் அசிட்டைல் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள சேர்மத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். திரும்பும் முகடு காணாமல் போகும், ஏனென்றால் உண்டான குயினோன் இமினை கந்தகம் உடனே பிடித்துக்கொள்கிறது, திரும்பி வர ஆளில்லை. மருத்துவமனையில் அவசரமாக ஏற்றுவதும் அதே அசிட்டைல் சிஸ்டீன்தான். அங்கே அது முக்கியமாகத் தீர்ந்துபோன குளூட்டாதயோனை (செல்லிடமே இருக்கும் கந்தகமுள்ள காவலாள்) மறுபடி நிரப்புகிறது, பிடிக்கிற கை குளூட்டாதயோனுடையது, ஆனால் கந்தகம் குயினோன் இமினைப் பிடிக்கும் வேதியியல் ஒன்றே. முதல் முறை இதைத் திரையில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

இதையே பெரிய அளவில் மருந்து நிறுவனங்களும் செய்கின்றன: சின்ன மின்கலம் ஒன்றை, மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காட்டும் நிறைநிரல்மானியோடு நேராக இணைத்து, புது மூலக்கூறை அதன் வழியே அனுப்பி, கல்லீரல் அதை என்னவாக்கக்கூடும் என்று சில நிமிடங்களில் பார்ப்பது. மலேரியா மருந்து அமோடியாகுயின் ஏன் சிலருக்கு வெள்ளை அணுக்களைக் கெடுத்தது என்பதற்குக் காரணமாகச் சொல்லப்படும் குயினோன் இமின் இப்படிச் சுலபமாகக் கிடைக்கும். எல்லாம் கிடைக்காது. சும்மா கிடக்கும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில் ஆக்சிஜனைச் செருகுவது பி 450க்குக் கைவந்த கலை, மின்முனைக்கு அது வராது.

புற்றுநோய் மருந்து டாக்சோரூபிசின் பற்றியும் கேட்பார்கள். குயினோன், ஒரு எலக்ட்ரான் எண் மைனஸ் 328, அதாவது நம் செல்லே சிரமமில்லாமல் கொடுத்துவிடும், ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ளும், சூப்பராக்சைடு சுழன்று சுழன்று உற்பத்தியாகும், அதனால்தான் இதயத்தசை கெடுகிறது என்று நீண்ட நாள் சொல்லிவந்தார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஒடுக்கவே கடினமான இன்னொரு புற்றுநோய் மருந்து மைட்டோசான்ட்ரோனும் இதயத்தைக் கெடுக்கிறதே? டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதிக்கும் இதில் பங்குண்டு என்பது இப்போது வலுவான கருத்து. இந்த இடத்தில் மின்வேதியியல் தன் எல்லைக்குள் நிற்பது நல்லது. மலேரியா மருந்து ஆர்டெமிசினினில் அது திரும்பவும் தெளிவாகப் பேசும்: பெராக்சைடுப் பாலத்தை மின்முனையில் நேரடியாக உடைக்க நல்ல எதிர்மறை அழுத்தம் வேண்டும், கரைசலில் ஹீம் (ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதி) சேர்த்தால் அந்த முகடு நேர்மறைப் பக்கம் நகர்ந்துவிடும். மலேரியாக் கிருமி ஹீமோகுளோபினைத் தின்று தனக்குள்ளே குவித்து வைப்பதும் ஹீமைத்தான்.

சரி, உங்கள் பன்னிரண்டு சேர்மங்களுக்கு வருவோம். தண்ணீரில் எடுத்த மீளா முகட்டு (திரும்பும் இணை இல்லாத முகடு) எண்ணை ஒரு அச்சிலும் கொல்லும் அளவை இன்னொரு அச்சிலும் வைத்து நேர்கோடு போட்டுவிடாதீர்கள், நிறைய பேர் செய்வது அது. முகட்டின் இடம் ஓட்டும் வேகத்தோடும் பி.எச்.ஓடும் நகரும். கரைப்பானில் மீள் முகடு வருகிறதா பாருங்கள், வந்தால் இரண்டு முகட்டின் நடுப்புள்ளியை எடுங்கள். அதோடு கொழுப்பில் கரையும் தன்மையையும் கணக்கில் சேருங்கள், செல்லுக்குள் நுழையாதது எவ்வளவு ஆசைப்பட்டும் பயனில்லை. வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையில் எடுத்த எண் என்றால் ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்ற 0.2 வோல்ட் அளவுக்குக் கூட்ட வேண்டும். கரைப்பான் தண்ணீர் இல்லையென்றால் இந்தக் கூட்டலும் செல்லாது, ஒப்பீட்டுக்கென்றே பயன்படும் ஃபெரோசீன் என்ற சேர்மத்தை உள்ளே போட்டு, அதன் எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பாக்டீரியா சோதனையைக் காற்றோடு ஒரு முறை, காற்றில்லாமல் ஒரு முறை வைக்க முடிந்தால் வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிகிற சேர்மங்களில்தான் மின்னழுத்தத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை வரும்.

அப்புறம் நைட்ரஜன். அளக்க ஆரம்பிக்கும் முன் பதினைந்து நிமிடமாவது குமிழி விட்டுவிடுங்கள், ஓட்டும்போது குழாயை மேலே தூக்கிக் கரைசலுக்கு மேல் போர்வை மாதிரி ஓடவிடுங்கள். நான் படித்த காலத்தில் சிலிண்டர் காலியானதைக் கவனிக்காமல் அளந்து, 'புதிய முகடு' கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். வெறும் பஃபரை மட்டும் வைத்து ஓட்டச் சொன்னார் பக்கத்து மேசைக்காரர். ஓட்டினேன், அதே இடத்தில் அதே முகடு. ஆக்சிஜன்.